எரித்துவிடவும்

மருதானைப் பழைய புத்தகக் கடை வரிசையில்
விமலசேனவின் தட்டு எட்டாவது.
வினாத்தாள் தொகுப்புகளுக்குக் கீழே
எனக்கென்று ஒரு பிஸ்கட் தகரம் ஒதுக்கியிருப்பான்.
ஹிப்பிப் பெட்டி, அவன் வைத்த பெயர்.
எழுபதை ஒட்டி அச்சான எதுவும்
அவனுக்கு ஹிப்பிதான்.

ஹிக்கடுவை விடுதியொன்றின் கையெழுத்து மெனு:
பப்பாசிச் சாறு, தேனும் தயிரும்,
அடியில் "நாளை தந்தாலும் போதும்."
தட்டுத் தொலைந்த இசைத்தட்டு உறை,
அதில் ஊதுபத்தி சுட்ட ஓட்டை.
மூன்றாம் இதழோடு மூச்சு நின்ற ரோனியோச் சஞ்சிகை;
ஆசிரியர் குழுவில் ஒன்பது பேர்,
வாசகர் அதைவிடக் குறைவாய் இருந்திருக்கலாம்.
நாடகச் சீட்டு ஒன்று, கிழிபடாதது.
வாங்கியவர் அன்று மாலை ஏன் போகவில்லை?

பகலில் துறைமுகத்தில்
கொள்கலன்களுக்குப் பத்திரம் நிரப்புகிறவன் நான்.
பெறுமதி, எடை, பிறப்பிடம்.
இரவில் இவற்றுக்கும் அதையே எழுதுகிறேன்.
உலகத்தைக் கவிழ்க்க நினைத்தவர்களின் தாள்களைப்
பிளாஸ்டிக் உறையிலிட்டு இலக்கம் ஒட்டுகிறவனைக் கண்டால்
அவர்கள் முதலில் கவிழ்த்திருப்பது
என் அலுமாரியை.

போன ஆவணியில்
சுருக்கெழுத்துப் பாடநூலுக்குள்
நாலாய் மடித்த ஒற்றைத் தாள்.
மூலையில் குண்டூசியின் துரு.
"விலை இல்லை. இயன்றவர் தேத்தண்ணீர் வாங்கித் தரலாம்."
நடுவே பெரிதாய்: "அடக்குமுறையை எதிர்போம்."
கடைசி வரி: "வாசித்ததும் எரித்துவிடவும்."

சொன்னபடி கேட்டவர்களின் பிரதிகள் எல்லாம் சாம்பல்.
சொல் கேளாத ஒருவரால், அல்லது
தீப்பெட்டி தேடப் பஞ்சிப்பட்ட ஒருவரால்
இது மட்டும் என் கையில்.
விமலசேன நானூறு கேட்டான். கொடுத்தேன்.
தேத்தண்ணீரும் வாங்கிக் கொடுத்தேன்.

கொம்பனித்தெரு துவான் சப்ரீனுக்குப் படம் அனுப்பினேன்,
வயிறு எரியட்டும் என்று.
பத்து நிமிடத்தில் பதினெட்டாயிரம் என்றார்.
நான் பேசாமலிருக்க, இருபத்தைந்து.
அதற்குள் படத்தை எங்கெங்கோ காட்டிவிட்டார் மனிதர்.

ஞாயிறு, பூசை முடிந்த கையோடு
கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோவில் வந்திறங்கினார்
ரோசலின் தேவசகாயம்.
கப்பல் கம்பனியில் முப்பத்தொரு வருசம் தட்டெழுத்தாளர்.
செருப்பைக் கழற்றாமலே கேட்டார்:
"அந்தத் தாள் உங்ககிட்டயா இருக்கு?"

உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன்.
கைப்பையைத் திறந்தார்.
அழப்போகிறார், கைக்குட்டை தேடுகிறார் என்று
நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
வெளியே வந்தது நீலப் பேனா.
தடுக்க எழும்புமுன்
"எதிர்போம்" என்பதன் இடுக்கில்
ஒரு "ப" செருகி
மேலே புள்ளி குத்தினார்.
குத்திய இடத்தில்
தாள் துளைத்துக்கொண்டது.

"ராவு பதினொரு மணி.
கந்தோர்ல லைட் போட ஏலாது.
டோர்ச்சப் பல்லுல கடிச்சிக்கிட்டு அடிச்சது.
அடிக்கு வந்த பிறகுதான் பிழையக் கண்டேன்.
அழிக்கிற மை முடிஞ்சிருச்சு.
வேற ஸ்டென்சிலும் இல்ல."
பேனாவை மூடினார்.
"பொலிசுக்குப் பயந்துதான்
எரிக்கச் சொல்லியிருக்கோம்னு நினைச்சீங்களோ?
அவங்க எழுதித் தந்ததுல அந்த வரி இல்ல.
நான் போட்டது. இந்த ஒரு எழுத்துக்காக."

சப்ரீனின் அழைப்பு அடித்து ஓய்ந்தது.
அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார்,
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்,
எவ்வளவு கொடுத்தீங்க என்றார்.
நானூறு என்றேன்.
"விலை இல்லன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே,
வாசிக்கலியா?"

குசினிக்குப் போய்க் கேத்தலை வைத்தேன்.
திரும்பி வரும்போது
தீப்பெட்டியை மட்டும் மறக்காமல்
சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.