யாருமில்லை 1

செயற்கைக்கோள் பெட்டியின் கம்பித் துளை
ஆகஸ்டு மின்னலில் கருகிப் போனது.
அதன்பின் வயர்லெஸ் ஒன்றுதான் வழி.
நவம்பரில் அந்தக் கார்டும் செத்தது.
நாரின் சந்தையில் ஜெக்‌ஷென் புதிது வாங்கி வந்தான்,
காய்ந்த தயிருருண்டைப் பொட்டலத்துக்குள் செருகி.
அதே கம்பெனி, அதே பச்சைப் பலகை.
அதுவும் இதுவும் அண்ணன் தம்பி
என்றாராம் கடைக்காரர்.

பொருத்தினேன். இயந்திரம் எழுந்தது.
என்னென்ன வலைமுகம் உண்டு என்று கேட்டால்
தனக்குத் தானே பேசிக்கொள்ளும் ஒன்று,
எதிரே யாரும் இல்லை என்று முனகும் கம்பித்துறை ஒன்று.
அவ்வளவுதான்.

பிசிஐ பட்டியலைக் கொட்டச் சொன்னேன்.
திரைக்கு ஒரு டிரைவர் உண்டு, வட்டுக்கு உண்டு,
என்றுமே பயன்படாத சவுண்டு சில்லுக்கும் உண்டு.
கடைசி வரியில்
டிரைவர் பெயர் வரவேண்டிய இடத்தில்
யாருமில்லை 1.
பக்கத்தில் தயாரித்தவன் எண், பொருளின் எண்,
நான்கு நான்கு இலக்கம்.

இருக்கிறது. மின்சாரம் குடிக்கிறது.
விரல் வைத்தால் இளஞ்சூடு.
யாருமில்லை.

கழற்றி மாட்டினேன்.
பொன்பற்களை அழிரப்பரால் துடைத்தேன்.
பயாஸில் நுழைந்து ஒவ்வொரு பூட்டாகத் திறந்தேன்.
ஆன்டெனா வயர் இரண்டையும் இடம் மாற்றினேன்,
வெட்கமாக இருந்தது, ஆனாலும் மாற்றினேன்.
மூன்று இரவு.
மூன்று மணிக்கொரு தரம் கச்கின்பாய்
வானிலையை ரேடியோவில் வாயால் வாசித்தான்:
மைனஸ் முப்பத்தொன்று, வடமேற்குக் காற்று,
பார்வை இருநூறு மீட்டர்.
மறுபடி சொல், என்றது எதிர்முனை.
மறுபடி சொன்னான்.

நான்காம் இரவு டிரைவரின் மூலநிரலைத் திறந்தேன்.
நல்லவேளை, அது வட்டிலேயே கிடந்தது.
நெட் வராததற்கு மருந்து நெட்டில்தான் இருக்கும்
பெரும்பாலும்.
உள்ளே ஓர் அட்டவணை, தெரிந்த எண்களின் வரிசை.
அண்ணன் இருந்தான். தம்பி இல்லை.
கடைசி இலக்கம் மட்டும் வேறு,
இரண்டுக்குப் பதில் மூன்று.

தொருகார்ட் சாவடியில் ஒருமுறை
என் பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்து பிசகியதற்கு
ஆறு மணி நேரம் லாரிகளுக்கு நடுவே நின்றேன்.
முகம் அதே முகம்தானே என்றேன்.
முகத்தை யார் பார்க்கிறார்கள்.

ஒரு வரி சேர்த்தேன். காற்புள்ளி விட்டுப்போய்
திட்டு வாங்கினேன். போட்டேன்.
பேட்டரி நாற்பத்தொரு சதவீதம்.
விளக்கை அணைத்து, அடுப்பில் வறட்டி செருகி,
எழுத்துகள் மேலேறுவதைப் பார்த்திருந்தேன்
ஐம்பது நிமிடம்.

அண்ணனின் ஃபர்ம்வேரே தம்பிக்கும் போதுமாயிருந்தது.
பட்டியலில் இப்போது பெயர் வந்துவிட்டது.
சுற்றிலும் என்ன கேட்கிறது என்று தேடச் சொன்னேன்.

நம் பெட்டி.
அதற்குக் கீழே இன்னொன்று,
மைனஸ் தொண்ணூற்றொன்று, வருகிறது, போகிறது:
ஜெக்‌ஷென்-காமாஸ்.

நாற்பது கிலோமீட்டருக்கு ஆளில்லாத இடம் இது.
பனியைப் பார்த்து மதியமே திரும்பியிருப்பான் என்று
அவனுக்கு வைத்த சூப்பையும் நாங்களே குடித்திருந்தோம்.

கச்கின்பாய் ஒன்றும் கேட்கவில்லை.
கயிறு, லாந்தர், இன்னொரு ஜோடி பூட்ஸ்.
கதவு மூடியது.
மறுபடி தேடினேன். இல்லை.
மறுபடி. தொண்ணூற்றிரண்டு.
பெட்டியோடு இணைக்கக்கூட இல்லை நான்,
கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

இரண்டாவது வளைவில், சக்கரம் பள்ளத்தில்,
டீசல் உறைந்து,
மகளின் டேப்லெட்டில் அதே கார்ட்டூனை
ஐந்தாம் முறை பார்த்துக்கொண்டிருந்தானாம்,
தூங்கிவிடக் கூடாதென்று.

வெந்நீரில் கால் வைத்ததும் பல் கிட்டிக்கிட்டக் கேட்டான்:
புருலாய், அண்ணன் தம்பி ஒத்துப்போனாங்களா?

ரேடியோ அலறியது அப்போதுதான்.
ஆறு மணி வானிலை எங்கே,
ஆறு மணி வானிலை எங்கே,
அங்கே யாரும் இல்லையா?