இரண்டு விரற்கடை

ஐயா, வணக்கம்.
இது பதினோராவது கடிதம்.
முந்தைய பத்திலும் சொன்னதையே சொல்கிறேன்:
ஹேண்டிலை வலப்பக்கம் முழுக்க ஒடித்தால்
வண்டி செத்துப்போகிறது.
விளக்கும் கூடவே.

எழுதிவிட்டு
'செத்துப்போகிறது' என்பதை அடித்து
'இயக்கம் நின்றுவிடுகிறது' என்று மாற்றினேன்.
கம்பெனிக்குச் சாவு பிடிக்காது.

தாண்டிக்குடியிலிருந்து இறங்கும் சாலையில்
கொண்டை ஊசி வளைவுகளை நாங்கள் எண்ணுவதில்லை,
பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம்.
பலாமரத்து வளைவு.
டேங்கர் கவிழ்ந்த வளைவு.
லூர்து நின்ற வளைவு;
அது போன ஐப்பசியில் வந்த பேர்.
பின் சீட்டில் மூன்று மூட்டை சவ்சவ்,
முதுகுக்குப் பின்னால் பஸ்,
முகத்துக்கு முன்னால் மஞ்சு,
நடுவில் அவர் வண்டி மட்டும் ஊமை.

இருபத்துமூன்று வண்டி, ஒரே மாடல்.
பேர், சேஸிஸ் நம்பர், ஓடிய கிலோமீட்டர்,
எந்த வளைவு, என்ன சுமை, மழையா இல்லையா.
சொசைட்டியில் மிளகு எடை எழுதும் கை இது,
கிராமைக்கூட விடாது.

நர்ஸ் ஜெபக்கனி சொன்னாள்:
"தடுப்பூசிப் பெட்டியோட தள்ளிக்கிட்டே வந்தேன்க்கா.
உள்ள ஐஸ் உருகுது, வெளிய நான் உருகுறேன்."
வாழைத்தார் ஏற்றும் சின்னக்காமு சொன்னதை
எழுத முடியாது.
கம்பெனிக்குத் தாயார் கிடையாது என்பது
அவருக்குத் தெரியவில்லை.
லைன்மேன் மச்சக்காளை ஒன்றும் சொல்லவில்லை.
சட்டையின் மேல் பட்டன் இரண்டைக் கழற்றி
காறை எலும்பு ஒட்டிய மேட்டைக் காட்டினார்.
அதற்கு நோட்டில் கட்டம் போடவில்லை நான்.
ஓரத்தில் எழுதினேன்.

மெக்கானிக் சம்சு டேங்கைக் கழற்றி
டார்ச் அடித்துக் காட்டினார்.
கழுத்துக் குழாயில் உரசி உரசி
வயரின் தோல் போய்
செம்பு பல்லைக் காட்டியது.
"நீளம் பத்தல. தரையில இருக்கிறவன் வெட்டின வயரு."

முதல் கடிதத்துக்கு:
தங்கள் மேலான கருத்துக்கு நன்றி.
நான்காவதுக்கு:
ஓட்டுநரின் பழக்கம் காரணமாக இருக்கலாம்.
ஆறாவதுக்கு:
அருகிலுள்ள சர்வீஸ் சென்டரை அணுகவும்.
அருகில் என்றால் வத்தலக்குண்டு.
போகிற வழியெல்லாம் வளைவு.

ஒருமுறை இன்ஜினியர் ஒருவரையே அனுப்பினார்கள்.
பைபாஸில் எட்டுக் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து
'குறை ஏதும் காணப்படவில்லை' என்று
கையெழுத்துப் போட்டார்.
"நேராப் போற வரைக்கும்
எங்களுக்கும் குறை இல்லை சார்" என்றேன்.
சிரித்தார். நல்ல பையன்.
பேனாவை மறந்து வைத்துவிட்டுப் போனார்.
அதில்தான் இதை எழுதுகிறேன்.

போன வியாழன்
ரேஷன் கடைக்காரர் மகன் புது வண்டி கொண்டுவந்தான்.
அதே மாடல், ஸ்டிக்கர் மட்டும் வேறு.
மாலை வாடாத வண்டியின் டேங்கைக்
கழற்றச் சொன்னேன்.
பேய் பிடித்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
சம்சு அதற்குள் ஸ்பானரை எடுத்துவிட்டார்.

வயர்
இரண்டு விரற்கடை கூடுதல்.
உரசும் இடத்தில் கறுப்பு ரப்பர் உறை.

படித்திருக்கிறார்கள்.
யாரோ ஒருத்தர்,
ஏதோ ஒரு மேசையில்,
பத்தையும்.

சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
மச்சக்காளையின் தோள்தான் வந்தது.

ஐயா,
கடிதத்தில் நீங்கள் ஒப்புக்கொள்ளாததை
ஸ்கேல் வைத்து அளந்துவிட்டோம்.
நான்கு சென்டிமீட்டர்.
மன்னிப்பு வேண்டாம்.
அந்த நான்கு சென்டிமீட்டர்
பழைய வண்டி இருபத்துமூன்றுக்கும் வேண்டும்,
காசில்லாமல், இங்கேயே வந்து.
இணைப்பு: பட்டியல், படங்கள்,
லூர்து வண்டியின் வயர் ஒரு துண்டு.
விரலில் சுற்றி
முழுக்க ஒடித்துப் பாருங்கள்.

பி.கு.
இருபத்துமூன்று என்பதை
இருபத்துநான்கு என்று வாசிக்கவும்.
பண்ணைக்காட்டுக்காரர் ஒருவர்
வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து
வாசலில் மூச்சு வாங்குகிறார்.
பேர் இன்னும் கேட்கவில்லை.