பன்னிரண்டு பத்து

நீதிமன்றத் தாளில் அது ஒரே வரி:
ஒற்றைப்படை ஆண்டுகளில் கிறிஸ்துமஸ் தாயிடம்,
புத்தாண்டு தந்தையிடம்.
கையெழுத்துப் போடும்போது
ஆண்டுகளுக்கும் ஒற்றை இரட்டை உண்டு என்பது
எனக்கு உறைக்கவில்லை.

முப்பதாம் தேதி காலையில் எர்னான் வந்தான்.
வாசலைத் தாண்டவில்லை.
அது எங்களுக்குள் எப்படியோ ஏற்பட்ட நாகரிகம்.
லௌதாரோ ஒரு காலில் செருப்பும்
மறு காலில் ஷூவுமாக ஓடினான்.
ஓரியானா மட்டும் படியேறித் திரும்பி வந்து
பத்து வயதின் கண்டிப்போடு சொன்னாள்:
"பன்னிரண்டு பத்துக்கு. டார்ச். மூணு தடவை.
மறந்துடாதே. உனக்கு மறக்கும்."

அவர்கள் வீடு எதிர்க் குன்றில்.
நடுவே ஒரு பள்ளத்தாக்கு அகலத்துக்கு வால்பரைசோ.
பகலில் அந்த மஞ்சள் தகரச் சுவர் தெரியும்.
கொடியில் துணி காய்ந்தால் தெரியும்.
யார் துணி என்று தெரியாது.
நல்ல தூரம் இது, என்றார் வக்கீல்,
பிள்ளைகளுக்குச் சிரமமில்லாத தூரம்.

முப்பத்தொன்று இரவு.
மணி அடிக்க அடிக்கத் தின்னப் பன்னிரண்டு திராட்சை.
கழுவி எண்ணி முடித்தபோது
கிண்ணத்தில் முப்பத்தாறு இருந்தன.
இருபத்து நாலைத் திரும்ப வைக்க
ஃபிரிட்ஜைத் திறந்தேன்.
லௌதாரோ பாதி கடித்து வைத்த பீச் பழம்.
பல் தடம் பழுப்பேறியிருந்தது.
கதவைச் சாத்தினேன்.

தெருவில் அதற்குள் காலிப் பெட்டிகளோடு ஆட்கள்.
வருடம் பிறந்ததும் பெட்டியோடு தெருவைச் சுற்றினால்
அந்த வருடம் பயணம் வாய்க்கும்.
பக்கத்து வீட்டு சினோவியா ஜன்னலைத் தட்டினாள்:
"வாயேன் யோலாந்தா, பெட்டி எடுத்துக்கோ!
போன வருஷம் மூணு பேரும் சுத்தினீங்களே!"
வீட்டில் இருந்த ஒரே பெட்டி
எதிர்க் குன்றுக்குப் போயிருக்கிறது:
நீச்சல் உடை, இருமல் மருந்து, காது கிழிந்த முயல்.
வாரத்துக்கு இரண்டு பயணம் வாய்க்கும் பெட்டி அது.
அதற்காக நாங்கள்
எவ்வளவு சுற்றியிருக்கிறோம் பார்.

பன்னிரண்டு.
துறைமுகக் கப்பல்கள் எல்லாம் ஒன்றாய் ஊதின.
வளைகுடா நீளத்துக்கும் வாணம்.
எட்டாவது திராட்சையில் புரையேறியது.
முதுகில் தட்ட ஆளில்லை என்பதைப்
பெரிதாக எடுத்துக்கொள்ளாமல்
தண்ணீர் குடித்தேன்.
மிச்சம் நான்கையும் மணி ஓய்ந்த பிறகு தின்றேன்.
அவற்றுக்குப் பலன் உண்டா, தெரியாது.

பன்னிரண்டு பத்து. எங்கும் வெடிப்புகை.
எதிர்க் குன்றையே காணோம்.
டார்ச்சில் புது பேட்டரி.
ஓரியானா, இதைக் குறித்துக்கொள்.
ஒன்று. இரண்டு. மூன்று.
புகை.
மறுபடியும்.
புகை.

அப்புறம், இடப்பக்கம் வெகுவாகத் தள்ளி,
அவர்கள் வீடு இருக்கவே முடியாத சரிவிலிருந்து
ஒரு வெளிச்சம்:
ஒன்று. இரண்டு. மூன்று.

தப்பான வீடு. எனக்குத் தெரியும்.
ஏழு வருடம் அந்தக் குன்றில் குடித்தனம் நடத்தியவள் நான்.
ஆனாலும் பதில் போட்டேன்.
அதுவும் போட்டது, உடனே,
பொத்தான்மேல் விரலை வைத்தபடியே
யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி.
நானும் அந்த யாரோவும்
பேட்டரி மங்கும்வரை போட்டுக்கொண்டிருந்தோம்.

மறுநாள் பதினொன்றரைக்கு ஃபோன்.
"அம்மா, நாங்க பதினோரு மணிக்கே தூங்கிட்டோம்.
அப்பா எழுப்பலை. கோபமா?"
பின்னால் லௌதாரோ எதற்கோ சிரிக்கிறான்,
வாய் நிறைய ரொட்டியோடு.
"இல்லை."
"நீ போட்டியா?"
"போட்டேன்."
"ஐயோ, யாருமே பார்த்திருக்க மாட்டாங்களே."
"மூணாம் தேதி வா, சொல்றேன்" என்றேன்.

வைத்துவிட்டு அந்தப் பீச்சை எடுத்து,
ஜன்னலோரம் நின்று,
பல் தடத்துக்கு மறுபக்கமிருந்து
தின்ன ஆரம்பித்தேன்.