காயம்: இல்லை

மனைவி பெயரில் ஓர் எழுத்து தப்பு.
அதைத் திருத்தத்தான் போனேன்,
பள்ளிப்பட்டில் காலை ஐந்தே முக்கால் வண்டி,
திருத்தணியில் மாறித் திருவள்ளூர்.

தேசம்மாளைத் தேவம்மாள் என்று அடித்திருக்கிறான்
எந்த ஊர் கிளார்க்கோ.
பதினேழு வருஷம் சோறு போட்ட பட்டாளத்துக்குத்
தேசம் என்று அடிக்க வரவில்லை.
சொன்னால் இவள் சிரிப்பாள்.
நான் செத்தால் பென்ஷன் தேவம்மாளுக்குப் போகும் என்றால்
சிரிப்பதில்லை.

மாவட்டமும் தப்புதான். சித்தூர், ஆந்திரா.
அதற்கு யாரையும் வைய முடியாது.
நான் ஒன்றாவது சேர்ந்தபோது எங்கள் ஊர் அங்கே இருந்தது,
ஆறாவது போவதற்குள் இங்கே.
ஊர் நடந்து வரவில்லை,
கோடுதான் தூக்கத்தில் புரண்டு படுத்தது.

நல அலுவலகத்தில் எழில்விழி என்றொரு பெண்.
டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தவள்
ஓரிடத்தில் நின்றாள்.
"குண்டு பட்டிருக்கே சார் உங்களுக்கு.
இடது தொடை. எழுபத்தொண்ணு டிசம்பர்.
ஊனப் பென்ஷனுக்கு ஏன் எழுதிப் போடலை?"

பென்ஷன் நம்பர் தவிர அந்தப் புத்தகத்தில்
நான் எதையும் படித்ததில்லை.
என் தொடையில் முள் குத்திய வடுகூடக் கிடையாது.

பிளட்டூனில் இரண்டு வஜ்ரவேலு.
கூப்பிட்டால் இருவரும் ஓடுவோம் என்று
கடைசி மூன்று எண்ணையே பெயராக்கினார்கள்.
நான் நாலு ஒண்ணு ஏழு.
அவன் நாலு ஏழு ஒண்ணு.
சத்தியவேட்டுக்காரன். கோபத்துக்குத் தெலுங்கு,
பசிக்குத் தமிழ்.
கரும்புக் காட்டில் படுத்திருந்தோம்.
அந்த ஊர்ச் சோகையும் நம்மூர்ச் சோகை மாதிரியேதான் அறுக்கும்.
"ஒரேய் நாலு ஒண்ணு ஏழு,
கால் சுடுதுரா" என்றான்.
கத்தவில்லை. சோறு ஆறிவிட்டது என்பதுபோல் சொன்னான்.

"இருக்கட்டும் விடுங்க சார்" என்றாள் எழில்விழி, குரலைத் தாழ்த்தி.
"இந்த வயசுல உங்க தொடையை யார் பார்க்கப் போறா."
கெட்ட பெண் இல்லை.
அரியர்ஸை மனசுக்குள் பெருக்கியிருப்பாள்.
நானும் பெருக்கினேன், மறைப்பானேன்.
மாடிக்குத் தளம், மூத்தவள் கடன்,
ஒரு கறவை மாடு வரைக்கும் போய்
மாட்டுக்குப் பெயர் வைக்கும் முன்னால் திரும்பி வந்தேன்.

"எடுத்துடும்மா."

எடுக்கவும் அபிடவிட் வேண்டுமாம்.
முத்திரைத்தாள், நோட்டரி,
எனக்கு எந்தக் காயமும் படவில்லை என்று
சத்தியம் செய்து.

பிறகு நகரி, புத்தூர், பிச்சாட்டூர்
என்று மூன்று வண்டி.
அவன் போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.
ரமணம்மா "ரண்டி, கூர்ச்சோண்டி" என்று
நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.
கால் எப்படி இருந்தது என்று கேட்டேன்.
"நொண்டுவாரு. ரயில்லேர்ந்து விழுந்தேன்னு சொன்னாரே."

அவன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன்.
காயம்: இல்லை.

புத்தகத்தில் இல்லாததை எவன் நம்புவான் என்று
நினைத்திருப்பான்.
முப்பது வருஷம், கேட்ட பேருக்கெல்லாம்
அதே ரயிலிலிருந்து விழுந்திருக்கிறான்.

கரும்புக் காட்டைச் சொன்னேன்.
தோள் கொடுத்து இழுத்து வந்த தூரத்தைச் சொன்னேன்.
எல்லாம் கேட்டுவிட்டு
"எந்தக் கால்?" என்றாள்.
அவளுக்குத் தெரியாதா.
"இடது" என்றேன்.
பேனாவை வாங்கி
உருண்டை உருண்டையாய்த் தெலுங்கில் கையெழுத்துப் போட்டாள்,
கடைசி எழுத்தை மட்டும் அழுத்தி.

இரண்டு மனுவும் ஒரே உறையில்
வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போய்
ஏழு மாதம் ஆகிறது.
தேசம்மாள் தினம் வாசலுக்குப் போய்த்
தபால்காரரை நிறுத்துகிறாள்.
தன் பெயரைக் கேட்பதில்லை.
"சத்தியவேட்டுக்காரர் கால்
வந்துடுச்சாப்பா?"