மீட்டருக்கு முப்பத்தொரு சென்டி

விருந்தினர் மாளிகைக்குப் புல்வெட்டி வேண்டும்,
உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி.
மூன்று கொட்டேஷன், வியாழனுக்குள்.
பர்ச்சேஸில் எனக்குப் பதினோரு வருடம்.
தார்ப்பாய், டீசல் பம்பு, ஒருமுறை
சவப்பெட்டிகூட வாங்கியிருக்கிறேன், பேரம் பேசாமல்.
புல்வெட்டி இதுதான் முதல்.

சலாலாவில் கரீஃப் தொடங்கிவிட்டது.
ஜூன் கடைசியில் ஏதோ ஒரு காலை
இத்தீன் மலை காணாமல் போகும்,
பிறகு தூறல், பிறகு பச்சை.
துபாயிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து
நனைவதற்குப் பணம் கட்டுகிறார்கள்.
எங்கள் சரிவில் புல்
முழங்காலைத் தொட்டுவிட்டது.

ரைசூத் சாலை ஷோரூமில்
சிவப்பாய் ஒன்று நின்றது. ஜீரோ டர்ன்.
நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுற்றுமாம்.
ஆயிரத்து நானூற்றைம்பது ரியால்.
"தரை எப்படி சார்?" என்றார் லான்சி பிண்டோ.
மங்களூர்க்காரர், விற்கத் தெரியாத விற்பனையாளர்.
"சரிவு."
"எவ்வளவு சரிவு?"
கையைச் சாய்த்துக் காட்டினேன்.
அவரும் சாய்த்தார், இன்னும் கொஞ்சம்.
இரண்டு கைகள் ஏசிக் காற்றில்
எதையும் அளக்காமல் நின்றன.

கேட்டலாக்கில் ஒருவன் சிரித்தபடி ஓட்டுகிறான்.
அவன் சிரிப்பது சமதரையில்.
எட்டாம் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில்:
பதினைந்து டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்.
ஈரப் புல்லில் அதுவும் வேண்டாம்.

மறுநாள் மட்டப்பலகையும் டேப்பும்.
தொஃபாசல் ஒரு முனையைப் பிடித்தான்.
ஓட்டப்போகிறவன் அவன்தான்.
குமிழி நடுவுக்கு வரும்வரை
இருவரும் மூச்சுவிடவில்லை.
கீழே மீட்டருக்குப் பதினெட்டு சென்டி.
நடுவில் இருபத்துமூன்று.
இருபத்தேழு என்றால் பதினைந்து டிகிரி,
நேற்றிரவே கணக்குப் போட்டு
உள்ளங்கையில் எழுதியிருந்தேன்.
மதிலோரம் முப்பத்தொன்று.
சொல்லி முடிப்பதற்குள் அவன் செருப்பு வழுக்கி
பலகையோடு பத்தடி போனான்.
புல் ஒட்டிய முகத்தோடு கீழேயிருந்து கத்தினான்:
"முப்பத்தொண்ணு சரிதான் பாய், எழுதிக்கோ."

படிவத்தில் இயந்திரத்தின் எடைக்குக் கட்டம் உண்டு,
விலைக்கு, வாரண்டிக்கு, நிறத்துக்குக்கூட.
ஏறி உட்காருகிறவனுக்கு இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
தொஃபாசல், எழுபத்திரண்டு கிலோ.

கையெழுத்து முசல்லம் சாருடையது.
அவருக்குச் சிவப்புதான் பிடித்திருந்தது,
பக்கத்து வில்லாவில் அதுதான் ஓடுகிறது.
முப்பத்தொன்று என்றேன்.
பேனாவை மூடினார். ஜன்னலில் பனிமூட்டம்.
"கரீஃப் வந்தால் என் அப்பா
ஒட்டகங்களை மலையிலிருந்து இறக்கிவிடுவார்.
நாலு கால் அதற்கு. ஒவ்வொன்றையும்
யோசித்துத்தான் வைக்கும். அதற்கே வழுக்கும்.
உன் சிவப்பு எதை வைத்து யோசிக்கும்?"
சிவப்பு உங்களுடையது சார் என்று
நான் சொல்லவில்லை.

கடைசியில் வாங்கியது டிராக்டர் சாதி.
ஆமை முதுகு, முன்சக்கரம் சொன்னபடி திரும்பும்,
தலைக்கு மேல் வளைத்த இரும்புக்கம்பி,
இடுப்புக்குப் பெல்ட். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து.
"நேராய் மேலே, நேராய்க் கீழே,
குறுக்கே மட்டும் வேண்டாம்,
தூறல் விட்டு புல் உலர்ந்த பிறகு" என்று
லான்சி மூன்று முறை சொன்னார்,
பில் போட்ட பிறகும் ஒருமுறை.

இருபத்தைந்துக்கு மேல் வெட்டப்படாது
என்று ஃபைலில் இருக்கிறது.
அந்த இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டேன்.
மேலே புல் தலைவாராத பிள்ளை மாதிரி நிற்கிறது.
விருந்தாளிகள் கேட்கிறார்கள்,
பட்ஜெட் முடிந்துவிட்டதா என்று.

தொஃபாசல் கோடுவரை ஏறி,
பின்கியரில் அப்படியே இறங்குகிறான்.
பெல்ட் போட்டிருக்கிறானா என்று
அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்துக்கொள்கிறேன்.
தூறல் நாலே நாளில் கோட்டைக் கரைத்துவிடும்.
வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அவன் போனதும்
சுண்ணாம்பு வாளியோடு
சரிவில் ஏறுகிறேன், கைகளையும் ஊன்றி.