மேலே என்றால் மேற்கு

எங்கள் ஊரில் மேலே என்றால் மேற்கு.
மேலத்தெருவும் கீழத்தெருவும்
ஒரே மட்டத்தில்தான் கிடக்கின்றன.
வெள்ளம் வந்தால் இரண்டிலும் அதே முழங்கால்.
சரிவு எந்தப் பக்கம் என்பதைத்
தண்ணீரிடம்தான் கேட்க வேண்டும்.
வலங்கைமான் மண்ணில் கல் முளைக்காது.
அம்மிக்கும் ரயில் பாதைக்கும் சாமிக்கும்
லாரியில்தான் வர வேண்டும்.

அதனால் சிரிக்காதீர்கள்,
துவாக்குடிக்கு அப்பால், கைவிட்ட குவாரியில்,
தை பிறக்க ஒரு வாரம் இருந்த ஞாயிறு,
இருபது மீட்டர் பாறைக்கு அடியில்
நான் நின்ற நிலைக்கு.

இதற்கு முன் பதினோரு முறை ஏறியிருக்கிறேன்.
பதினோரு முறையும் கயிறு மேலிருந்து வந்தது,
யாரோ முன்பே போய் மாட்டிவைத்த கயிறு.
கை விட்டால் ஒரு முழம் தொங்குவேன், அவ்வளவுதான்.
இன்று கயிறு என் இடுப்பிலிருந்து
கீழே போகிறது.
எனக்கு மேலே ஆறு போல்ட்,
ஒரு காக்கை, அப்புறம் எதுவுமில்லை.

கொள்முதல் நிலையத்தில் வேலை எனக்கு.
நெல்லில் ஈரம் பதினேழைத் தாண்டினால்
காயவைத்துக் கொண்டுவாங்க என்பேன்,
முகத்தைப் பார்க்காமல்.
அந்த மீட்டரில் இன்று என் உள்ளங்கையை வைத்திருந்தால்
களத்துக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

"பிடிச்சிருக்கேன், ஏறு" என்றாள் ஷமீமா.
கூத்தாநல்லூர்க்காரி. பல் டாக்டரிடம்
நாளெல்லாம் பிறர் வாயைத் திறந்து பிடிப்பவள்.

முதல் போல்ட். கிளிக்.
இரண்டாவது. கிளிக்.
மூன்றாவதில் கயிற்றைத் திருப்பி மாட்டிவிட்டேன்.
"அடியே, தப்பு. கழற்றி மாட்டு."
கழற்ற ஒரு கை வேண்டும்.
இரண்டு கையையும் பாறை வைத்திருந்தது.
வலது கால் தானாக உதறத் தொடங்கியது,
நிறுத்திய பிறகும் டீசல் மோட்டார் உதறுமே, அப்படி.
வெடி வைக்கத் துளைத்த குழியின் பாதி
என் முழங்கை அருகே நேராக மேலே ஓடியது.
இங்கிருந்து எடுத்த கல்லைத்தான்
எங்கள் பாலத்துக்குப் போட்டார்களோ?
சத்தியமாக அதைத்தான் யோசித்தேன்,
சாவை அல்ல.
அப்புறம் ஒரு கை கிடைத்தது.

நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் பிடி தீர்ந்தது.
கடைசி போல்ட் என் முட்டிக்குக் கீழே.
"கயிறு!" என்று கத்தினேன்.
வந்தது,
கடைமடைக்குத் தண்ணீர் வருகிற மாதிரி.
திறந்துவிட்டாச்சு என்பார்கள்,
வந்து சேர்கையில் ஒரு நூல்.
பல்லால் கவ்வி இழுத்தேன்.
அதற்குள் இடது கால் போய்விட்டது.

விழுந்தேன்.
வயிறு மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.
கயிறு இறுகி, பாறையில் தோள் மோதி,
திரும்பிப் பார்த்தால்
ஷமீமா தரைக்கு மேலே இரண்டடியில் தொங்குகிறாள்,
ஒரு காலில் செருப்பு இல்லை.
கிட்டத்தட்ட எதிரெதிரே
இரண்டு வாளிகள்.
"நான் இன்னும் ரெண்டு இட்லி தின்னிருக்கணும்" என்றாள்.

மறுபடி ஏறினேன். அதில் எழுத ஒன்றுமில்லை.
ஐந்து. ஆறு. விரல்கள் வேறு யாருடையவோ.

உச்சியில் உடைந்த பீர் பாட்டில், ஆட்டுப் புழுக்கை.
ஆட்டுக்கு வேறு வழி தெரிந்திருக்கிறது.
சங்கிலியில் மாட்டிக்கொண்டு கிழக்கே திரும்பினேன்.
காவிரியோ வெண்ணாறோ, ஏதோ ஒரு பளபளப்பு,
பச்சை, பச்சை, செல்போன் கோபுரம், பச்சை.
முப்பத்தொரு வருஷம் நான் நடந்த தரை
தாம்பாளம் போல மட்டமாக,
இல்லை,
மட்டமில்லை.
சரிகிறது. கடல் பக்கமாக,
தண்ணீருக்கு மட்டும் போதுமான அளவு.

"மேல என்னடி தெரியுது?"
"கீழத்தெரு!"
அவளுக்குக் கேட்கவில்லை.
புதரில் குனிந்து
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்,
ஒரு கை இன்னும் கயிற்றில்.