கிலோ ஒன்றரை லெவா

கடையில் புதிதாய் வாங்கினால்
கிலோ ஐந்து லெவா.
பெர்னிக்கில் நிலக்கரியைக்கூட
இந்த விலைக்கு யாரும் விற்றதில்லை
என்றான் கலின்.

டிக்கெட் கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால்
பதினொரு வருடம் உட்கார்ந்தவள் நான்.
சில்லறை எண்ணும் விரல்கள் மட்டும்தான்
வலுத்திருக்கின்றன.
போன மாதம் மிளகாய் ஊறுகாய் ஜாடி
திறக்க மாட்டேன் என்றது.
எதிர்வீட்டு யாவோரைக் கூப்பிட்டேன், பத்து வயது.
ஒரே திருகில் திறந்துவிட்டு
"நீங்க முதல்லயே இளக்கி வச்சிட்டீங்க" என்றான்.
அந்தப் பொய்யின் கனத்தை
என்னால் தூக்க முடியவில்லை.

மூன்று வாரம் அலைந்தேன்.
ஒருவர் பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி
கம்பி செருகி வைத்திருந்தார்.
அதுவும் இருபது கிலோதானாம்,
அதுவும் தூக்கினால் வலிக்குமாம்.
ஒருத்தியிடம் ஒற்றை டம்பெல்.
இணை எங்கே என்றேன்.
கணவனோடு போய்விட்டது என்றாள்.

ஸ்தாமென் கராஜ் கதவை
இடது கையால் மட்டும் தூக்கினான்.
வலது தோளில் பனியன் ஓரத்தில்
நீளமாய் ஒரு தையல் தெரிந்தது.
பனிக்கால டயர்களுக்கும்
முட்டைக்கோஸ் புளிக்கும் பீப்பாய்க்கும் நடுவே
சுவரில் சாய்ந்திருந்தன தட்டுகள்,
கறுப்பாய், ஓரங்களில் மட்டும் செம்பழுப்பாய்.

பையிலிருந்து குளியலறைத் தராசை எடுத்தேன்.
சிரித்தான்.
ஆனால் தரையைத் துடைத்து
சமமாய் ஓர் இடம் காட்டினான்.

இருபது என்று பொறித்தவை
பத்தொன்பதே கால்.
பத்துகளில் ஒன்று பத்தரை,
இன்னொன்று ஒன்பதரை.
"கூட்டினா சரியா வருதே!"
"பார்பெல்லுக்குக் கூட்டத் தெரியாதே" என்றேன்.
ஐந்துகள் நான்கு.
அவை மட்டும் நேர்மையானவை.

பழைய இரும்புக்காரன்
கிலோவுக்கு முப்பது ஸ்தோதிங்கி தருகிறான்,
விசாரித்துவிட்டுத்தான் வந்தேன்.
நாயின் தலையைத் தடவுவதுபோல
ஒரு தட்டின் மேல் கை வைத்தான்.
"அவன் உருக்கிடுவான்."
பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
டயர்களைப் பார்த்தான்.
"ரெண்டு லெவா."
"ஒன்றரை."
இடமும் வலமுமாய்த் தலையை ஆட்டினான்.
அயலூர்க்காரர் யாரும் பார்த்திருந்தால்
பேரம் முறிந்ததென்று கிளம்பியிருப்பார்.
எங்கள் பக்கம் அதற்குச் சரி என்று பொருள்.
எழுபத்தெட்டரைக் கிலோ.
நூற்றுப் பதினேழே முக்கால்.
முக்காலை அவனே தள்ளிவிட்டு
கம்பியைச் சும்மா கொடுத்தான்.
பிடிக்கிற இடங்களில்
இரண்டு சுற்று நீல டேப்.
அவனுடைய கைகளின் அகலம் அது,
எனக்கு நிரம்ப அகலம்.

"காசு கொடுத்து பாரம் வாங்குற ஒருத்தியை
இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றான்.
"வித்தவரும் அப்படித்தானே வாங்கியிருப்பார்?"

லிஃப்டில் முந்நூறு கிலோ வரை என்று எழுதியிருக்கிறது.
ஆகஸ்டிலிருந்து அதனால்
தன்னையே தூக்க முடியவில்லை.
ஆறாவது மாடி.
ஐந்து நடை.
மூன்றாம் நடையில், மூன்றாம் மாடியில்,
சங்கிலியை எடுக்காமலே
கதவைத் திறந்தாள் ரும்யானா.
என்னது அது?
இரும்பு.
எதுக்கு?
தூக்க.
தூக்கி?
கீழே வைக்க.
கதவு மூடியது. மறுபடி திறந்தது.
"பகல்ல வை."

இப்போது பால்கனியில் இருக்கின்றன,
கலினின் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு.
பத்தரை ஒரு பக்கம், ஒன்பதரை மறுபக்கம்.
எந்தக் கை ஏமாறுகிறது என்று
எனக்குத் தெரியும்.
திங்கள் இது, புதன் அது என்று
மாற்றி மாற்றிப் போடுகிறேன்.
யாவோர் வந்து எண்ணுகிறான்.
ஏழுக்குப் பிறகு மட்டும்
கொஞ்சம் வேகமாக எண்ணுகிறான்.

முதல் ஞாயிறு ஸ்தாமென் போன் செய்தான்.
பின்னால் குழந்தை அழுதது.
"அந்த இருபதுல ஒண்ணு,
அதுல வெள்ளையா கைத்தடம் ஒண்ணு இருக்கும்,
சாக்பீஸ் பொடி...
கழுவிட்டீங்களா?"

இல்லையே, அப்படியே இருக்கு என்றேன்.

என் கையிலிருந்த துணியிலிருந்து
சொட்டிக்கொண்டிருந்தது தண்ணீர்.